சுழலும் மின்னாக்கியும் சைன் அலையும்: ஒரு விளக்கம்

முன்னுரை

மலாயாவில் மின்னாக்கி புழக்கத்திற்கு வந்த வரலாறு 1894ஆம் ஆண்டில் இராவாங்கில் தொடங்குவதாகக் கூறுவர். லோக் இயூ என்னும் சீன வணிகரும், பத்துமலைத் திருக்கோயிலின் தோற்றத்தோடு பெயர் இணைந்துள்ள தம்புசாமிப் பிள்ளையும் தம் ஈயச் சுரங்கப் பணிக்காக அங்கு ஒரு மின்னாக்கியை நிறுவினர். இந்நாட்டு மின்சார வரலாற்றின் முதல் வரியிலேயே ஒரு தமிழர் பெயர் இடம்பெற்றுள்ளது. ஆயினும் மின்னாக்கி எவ்வாறு இயங்குகிறது என்பதைத் தமிழில் தெளிவாக விளக்கும் எழுத்துகள் நம்மிடையே மிகுதியாக இல்லை.

பாடநூல்கள் பொதுவாக மூன்று கூற்றுகளைத் தருகின்றன. காந்தப் புலத்தில் ஒரு கம்பிச்சுருள் சுழல்கிறது. அதனால் மின்னோட்டம் பிறக்கிறது. அம்மின்னோட்டம் சைன் அலையாக அமைகிறது. முதல் இரண்டுக்கும் விளக்கம் உண்டு. மூன்றாவதற்கு ஒரு வரைபடமே விளக்கமாக நிற்கிறது. அது ஏன் சைன் அலையாக இருத்தல் வேண்டும்? முக்கோண அலையாகவோ சதுர அலையாகவோ ஏன் இல்லை? இவ்வினாவை மாணவன் எழுப்பினால் ஆசிரியர் தரக்கூடிய விடையைத் தமிழில் படிப்படியாக அமைத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது அறிவியல் ஆசிரியர்க்கு மட்டும் உரிய செய்தியன்று. மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் 2003ஆம் ஆண்டு முதல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டில் அரசு அக்கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. அறிவியல் தமிழுக்குத் திரும்பியபோது கலைச்சொற்கள் திரும்பின. அவற்றைத் தாங்கி நிற்கும் விளக்க மொழி அதே விரைவில் திரும்பவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. தொடக்கப்பள்ளியில் கருத்து தாய்மொழியில் வேரூன்றாவிடின், இடைநிலைப்பள்ளியில் அது மலாய்மொழிச் சொற்றொடராக மனனம் செய்யப்படுவதோடு நின்றுவிடுகிறது.

தூண்டலின் அடிப்படை

மைக்கேல் ஃபாரடே 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் ஓர் இரும்பு வளையத்தின் இருபுறமும் கம்பிகளைச் சுற்றி ஆய்வு செய்தார். ஒரு சுற்றில் மின்னோட்டத்தைத் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் மட்டுமே மற்றொரு சுற்றில் இணைக்கப்பட்ட காந்த ஊசி அசைந்தது. மின்னோட்டம் சீராகச் செல்லும்போது ஊசி அசையவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 17ஆம் நாள் ஒரு சட்டக் காந்தத்தைச் சுருளுக்குள் நுழைத்தும் வெளியே இழுத்தும் பார்த்தார். காந்தம் நகரும்போது ஊசி அசைந்தது. காந்தம் சுருளுக்குள் அசையாது கிடந்தபோது ஊசியும் அசையவில்லை.

இவ்விரு ஆய்வுகளும் காட்டும் உண்மை ஒன்றே. காந்தம் இருப்பதனால் மின்னழுத்தம் பிறப்பதில்லை; காந்தநிலை மாறுவதனால் பிறக்கிறது. எவ்வளவு விரைவாக மாறுகிறதோ அவ்வளவு மிகுதியாகப் பிறக்கிறது. இனி வருவன அனைத்தும் இந்த ஒரு வேறுபாட்டின் மீதே நிற்கின்றன. மாணவர் தடுமாறுவதும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான்.

ஒரு பொருளின் அளவும் அவ்வளவு மாறும் விரைவும் வெவ்வேறானவை என்பதை உணர்த்த ஊஞ்சலைப் போன்ற எளிய சான்று வேறில்லை. ஊஞ்சல் நடுப்புள்ளியிலிருந்து மிகத் தொலைவில், உச்சியில் நிற்கும் கணத்தில் அதன் விரைவு சுழி. நடுப்புள்ளியைக் கடக்கும்போது, அதாவது விலக்கம் சுழியாக உள்ளபோது, அதன் விரைவு மிகுதி. அளவு உச்சத்தில் இருக்கையில் மாற்றம் இல்லை. அளவு சுழியாக இருக்கையில் மாற்றம் உச்சத்தில் உள்ளது. ஊஞ்சலாடிய பிள்ளைகள் அனைவரும் இதனை உடலால் அறிவர். மின்னாக்கியிலும் இதுவே நிகழ்கிறது.

சுருளின் ஒரு சுற்று

காந்தத்தின் வடதுருவமும் தென்துருவமும் எதிரெதிரே இருக்க, அவற்றிடையே சீரான காந்தப் புலம் நிலவுவதாகக் கொள்வோம். அப்புலத்தில் ஒரு செவ்வகச் சுருள் மாறாத வேகத்தில் சுழல்கிறது. சுருளின் பரப்பினூடே செல்லும் காந்தப் புலத்தின் மொத்த அளவைக் காந்தப் பாயம் என்கிறோம்.

பாயம் என்னும் சொல் மாணவர்க்குப் புதியது. காற்றில்லாத வேளையில் நேராகப் பெய்யும் மழையில் ஒரு தட்டைப் பிடிப்பதாகக் கற்பனை செய்யச் சொன்னால் இக்கருத்து எளிதில் விளங்கும். தட்டைக் கிடையாகப் பிடித்தால் மிகுதியான துளிகள் அதன்மேல் விழும். சாய்த்தால் குறையும். செங்குத்தாக நிறுத்தினால் துளிகள் இருபுறமும் வழிந்து செல்லுமேயன்றித் தட்டின் பரப்பில் விழா. மழை மாறவில்லை, தட்டின் பரப்பும் மாறவில்லை. இரண்டிற்கும் இடைப்பட்ட கோணம் மட்டுமே மாறியது. சுருள் சுழலும்போது அதனூடே செல்லும் பாயமும் இவ்வாறே கூடிக் குறைகிறது. தட்டின் மறுபக்கம் மழையை நோக்கித் திரும்பும்போது பாயம் எதிர்க்குறி பெறுகிறது.

இப்போது மாணவர்களிடம் ஒரு வினாவைத் தொடுக்கலாம். சுருளில் மின்னழுத்தம் உச்சத்தை அடைவது பாயம் மிகுதியாக உள்ள நிலையிலா, பாயம் சுழியாக உள்ள நிலையிலா? பெரும்பாலோர் முன்னதையே கூறுவர். விடை பின்னது. இதனை ஊஞ்சலைக் கொண்டு ஏற்கச் செய்யலாம். எனினும் எண்களைக் கொண்டு காட்டுவது இன்னும் உறுதியானது. அதற்கான எண்கள் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவில் தொகுக்கப்பட்டுவிட்டன.

ஆரியபட்டரின் வேறுபாட்டு வாய்பாடு

ஆரியபட்டர் கி.பி. 499இல் இயற்றிய ஆரியபட்டீயம் என்னும் வானியல் நூலில் ஒரு வாய்பாடு உண்டு. வட்டத்தின் சுற்றளவை 21,600 கலைகளாகக் கொண்டால் அதன் ஆரம் ஏறத்தாழ 3,438 கலைகளாகும். அவ்வட்டத்தில் கால்வட்டத்தை 24 சம கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றின் எல்லையிலும் அரைநாணின் நீளத்தை அறியும் வழியை அவர் தந்தார். ஒவ்வொரு கூறும் 3 பாகை 45 கலை அளவினது. இங்கு அரைநாண் என்று குறிக்கப்படுவதே இன்று சைன் எனப்படும் அளவு.

அவர் அரைநாண்களின் நீளங்களை நேராகத் தரவில்லை. அடுத்தடுத்த அரைநாண்களுக்கு இடையிலான வேறுபாடுகளையே தந்தார் என்பது ஈண்டு சிறப்பாக நோக்கத்தக்கது. அவ்வேறுபாடுகள் 225, 224, 222, 219, 215 எனத் தொடங்கி, மெல்லக் குறைந்து, இறுதியில் 37, 22, 7 என முடிகின்றன. இருபத்து நான்கையும் கூட்டினால் 3,438 கிடைக்கும். முதல் எட்டைக் கூட்டினால் 1,719, அதாவது ஆரத்தில் சரிபாதி. 30 பாகையின் சைன் அரை என்பது இதனால் பெறப்படும்.

இவ்வாய்பாட்டை மின்னாக்கிக்குப் பொருத்திப் பார்ப்போம். சுருளின் தளம் காந்தப் புலத்திற்கு இணையாக உள்ள நிலையிலிருந்து, அதாவது பாயம் சுழியாக உள்ள நிலையிலிருந்து, கோணத்தை அளக்கிறோம். அப்போது பாயம் அக்கோணத்தின் சைனைப் பின்பற்றி வளரும். சுருளில் 100 சுற்றுகள், பரப்பு 0.02 சதுர மீட்டர், காந்தப் புலம் 0.5 டெஸ்லா எனக் கொள்வோம். பாயத்தின் உச்ச அளவு 0.01 வெபர். சுருள் விநாடிக்கு 50 முறை சுழல்கிறது. எனவே ஒரு சுற்றுக்கு 0.02 விநாடி, முழுவட்டத்தில் ஆரியபட்டரின் கூறுகள் 96, ஒரு கூற்றைக் கடக்க ஏறத்தாழ 0.000208 விநாடி.

முதற் கூற்றில் பாயம் சுழியிலிருந்து 225 பங்கு உயர்கிறது. முழு உச்சமாகிய 3,438 பங்கு 0.01 வெபருக்குச் சமமாதலால், இவ்வுயர்வு ஏறத்தாழ 0.000654 வெபர். இதனை 100 சுற்றுகளால் பெருக்கி, ஆன நேரத்தால் வகுத்தால் மின்னழுத்தம் ஏறத்தாழ 314 வோல்ட் எனக் கிடைக்கிறது. பன்னிரண்டாம் கூற்றில் வேறுபாடு 164. மின்னழுத்தம் ஏறத்தாழ 229 வோல்ட். இருபத்து நான்காம் கூற்றில் பாயம் தன் உச்சத்தைத் தொடுகிறது. ஆனால் அக்கூற்றில் அது உயர்வது 7 பங்கு மட்டுமே. மின்னழுத்தம் ஏறத்தாழ 10 வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது.

அடுத்து நிகழ்வதே மின்னோட்டம் திசைமாறும் கணம். இருபத்து ஐந்தாம் கூற்றில் பாயம் குறையத் தொடங்குகிறது. முதலில் 7, பின்னர் 22, பின்னர் 37 எனக் குறைகிறது. வளர்ச்சி தேய்வாக மாறியதால் மின்னழுத்தமும் குறி மாறுகிறது. அதாவது, பாயம் திசைமாறும்போது மின்னழுத்தம் திசைமாறுவதில்லை. பாயம் உச்சத்தில் நின்று திரும்பும்போதே மாறுகிறது. நாற்பத்து எட்டாம் கூற்றில் பாயம் மீண்டும் சுழியாகும்போது மின்னழுத்தம் எதிர்த்திசையில் 314 வோல்ட்டை அடைகிறது. மாணவர்கள் 96 கூறுகளுக்கும் இக்கணக்கைச் செய்து கட்டத்தாளில் புள்ளியிட்டால், எவரும் கற்பிக்காமலே சைன் அலை தாளில் உருவாகும். உச்சத்தில் தொடங்குவதால் அதனைக் கொசைன் என்பர். வடிவத்தில் இரண்டும் ஒன்றே, தொடக்கப் புள்ளி மட்டும் கால்சுற்று விலகியுள்ளது.

ஆக, சைன் வடிவம் வருவதற்குக் காரணம் இரண்டு. சீரான சுழற்சியில் பாயம் கோணத்தின் சைனாக மாறுகிறது என்பது ஒன்று. சைனின் மாற்ற விரைவும் ஒரு சைனே என்பது மற்றொன்று. முக்கோண அலையின் மாற்ற விரைவு சதுர அலையாகிவிடும். தன் மாற்ற விரைவிலும் தன் வடிவத்தை இழக்காதிருப்பது அலைகளுள் சைனுக்கே உரிய பண்பு.

வேறுபாடுகளின் வேறுபாடு மீண்டும் அரைநாணுக்கு விகிதச் சமமாகும் என்பதையும் ஆரியபட்டரின் விதி உள்ளடக்கியுள்ளது. இதனைக் கொண்டு பண்டை இந்தியர் மின்னியலை அறிந்திருந்தனர் என்று கூற முற்படுவது வீண் பெருமை. அவர் கணித்தது கோள்களின் நிலையை. வட்டச் சுழற்சி எங்கு நிகழ்ந்தாலும் அதன் கணக்கு ஒன்றாகவே இருக்கும் என்பதே இவ்வொப்புமைக்குக் காரணம்.

இச்சொல்லின் வரலாறும் மொழி ஆய்வாளர்க்குச் சுவை தருவது. வில்லின் நாணைக் குறிக்கும் ஜ்யா, ஜீவா என்னும் வடசொற்களே இந்திய வானியலில் இவ்வளவைக் குறித்தன. அரபு அறிஞர் ஜீவாவை ஒலிபெயர்த்து ஜீபா என எழுதினர். அரபு எழுத்தில் குறில் உயிர்கள் எழுதப்படாமையாலும் ஜீபா என்பதற்கு அம்மொழியில் பொருளின்மையாலும், பின்வந்தோர் அதனை ஜைப் எனப் படித்தனர். ஜைப் என்பதற்கு ஆடையின் மடிப்பு, மார்பு என்பன பொருள். 12ஆம் நூற்றாண்டில் இலத்தீனில் மொழிபெயர்த்தோர் அப்பொருளுக்கு ஏற்ப சைனஸ் என்றனர். இன்று மலாயில் சினுஸ் என்றும் தமிழில் சைன் என்றும் வழங்குவது அச்சொல்லே. நாண் என்னும் நல்ல தமிழ்ச்சொல் வட்டநாண் என்னும் தொடரில் இன்றும் வாழ்கிறது. சைனுக்கு அரைநாண் என்னும் பெயரை ஒரு முறையேனும் வகுப்பில் கூறிவைத்தால், அது வட்டத்திலிருந்து பிறந்த அளவு என்பது மாணவர் மனத்தில் நிற்கும்.

கலைச்சொற்கள் குறித்து

ஒரே மின்னோட்டத்திற்குத் தமிழில் பல பெயர்கள் வழங்குகின்றன. மாறுதிசை மின்னோட்டம், மாறுமின்னோட்டம் என்பன தமிழகப் பாடநூல் வழியாக இங்கு வந்தவை. இலங்கைத் தமிழர் ஆடலோட்டம் என்பர். மலாயில் ஆருஸ் உலாங்-ஆலிக் என வழங்குகிறது. சென்று மீளும் ஓட்டம் என்பது அதன் பொருள்.

மாறுதிசை என்னும் சொல் திசை மாறுவதை மட்டுமே கூறுகிறது. சதுர அலையும் திசை மாறுவதே. அளவு கணந்தோறும் கூடிக் குறைவதை அச்சொல் உணர்த்தவில்லை. ஆடலோட்டம் என்னும் இலங்கை வழக்கோ ஊஞ்சலை நினைவூட்டுகிறது. நடுநிலையும் இருபுற உச்சமும் அதில் அடங்கியுள்ளன. கலைச்சொல் என்ற வகையில் ஆடலோட்டமே பொருத்தமானது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. எனினும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மாறுதிசை மின்னோட்டம் வேரூன்றிவிட்டமையால், அதனை மாற்ற முனைவதினும், விளக்கும்போது மலாய்ச் சொல்லையும் இலங்கைச் சொல்லையும் உடன்காட்டுவது நடைமுறைக்கு உகந்தது.

அலை என்னும் சொல்லிலும் ஓர் இடர் உண்டு. கம்பிக்குள் மின்சாரம் பாம்புபோல் வளைந்து நெளிந்து செல்வதாக எண்ணும் மாணவர் பலர். வரைபடத்தின் கிடையச்சு நீளத்தையன்று, காலத்தையே குறிக்கிறது என்பதை அழுத்திக் கூறவேண்டும். வீட்டுக் கம்பியில் எதிர்மின்னிகள் இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகின்றன. மின்னோட்டத்தால் அவை விலகும் தொலைவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினதே.

பாடநூற் படமும் உண்மைப் பொறியும்

பாடநூல்களில் காணும் மின்னாக்கிப் படத்தில் சுருளின் இரு முனைகளும் இரண்டு முழு வளையங்களோடு இணைக்கப்பட்டிருக்கும். கரித்தூரிகைகள் அவ்வளையங்களைத் தொட்டு மின்னோட்டத்தை வெளியே கொணரும். இவ்வளையங்களுக்கு மாறாக, இரண்டாகப் பிளந்த ஒரே வளையத்தைப் பொருத்தினால் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் இணைப்பு இடம் மாறி, வெளியே ஒரே திசையில் மின்னோட்டம் கிடைக்கும். பாரிசில் 1832ஆம் ஆண்டு இப்போலித் பிக்சி கைப்பிடியால் சுழற்றும் பொறியைச் செய்தபோது அது திசைமாறும் மின்னோட்டத்தையே தந்தது. அன்று அது குறையாகக் கருதப்பட்டமையால், ஆம்பியரின் ஆலோசனைப்படி திசைமாற்றி ஒன்று சேர்க்கப்பட்டது. இன்று உலகை ஆள்வது அக்குறையே.

இப்படங்களில் கவனிக்கப்படாத முரண் ஒன்று உண்டு. பல படங்களில் காந்தத் துருவங்களின் முகங்கள் உட்குழிந்தும், சுருள் ஓர் இரும்பு உருளைமீது சுற்றப்பட்டும் காணப்படும். அருகிலேயே அழகிய சைன் அலை வரையப்பட்டிருக்கும். இவ்விரண்டும் பொருந்தா. உட்குழிந்த துருவங்களுக்கு நடுவே இரும்பு உருளை இருப்பின், காந்தப் புலம் இணைகோடுகளாக அமையாமல் உருளையின் மையத்தை நோக்கி ஆரவழியில் அமையும். துருவ முகத்தைக் கடக்கும் நேரம் முழுதும் கம்பி ஒரே அளவான புலத்தை ஒரே வேகத்தில் செங்குத்தாகக் கடக்கும். ஆகவே கிடைப்பது தலை தட்டையான அலை. சைன் அலைக்கு உரிய படம், தட்டையான துருவ முகங்களும் இரும்பற்ற சுருளும் கொண்டதே. வகுப்பறையில் வாங்கி வைத்திருக்கும் சிறிய மின்னாக்கியை அலைநோக்கியோடு இணைத்துப் பார்த்து, பாடநூல் கூறும் வடிவம் வரவில்லையே என வருந்தும் ஆசிரியர் தம் பொறியையோ தம்மையோ குறைகூற வேண்டியதில்லை.

அப்படியாயின் மின்நிலையங்களிலிருந்து வருவது மட்டும் எவ்வாறு சைன் அலையாக உள்ளது? அது இயல்பாக வருவதன்று, வடிவமைத்துப் பெறப்படுவது. மின்நிலைய மின்னாக்கியில் சுழல்வது சுருளன்று, காந்தமே. நேர்திசை மின்னோட்டம் ஊட்டப்பட்ட மின்காந்தம் நடுவே சுழல, அதனைச் சூழ்ந்த நிலையகத்தின் காடிகளில் சுருள்கள் அசையாது கிடக்கும். ஆயிரக்கணக்கான வோல்ட் அழுத்தத்தில் பெரும் மின்னோட்டத்தைத் தூரிகை வழியே எடுப்பது அரிதாதலால் இவ்வேற்பாடு கொள்ளப்பட்டது. மிதிவண்டியில் டைனமோ என நாம் அழைக்கும் சிறு பொறியிலும் சுழல்வது பெரும்பாலும் காந்தமே. அது தருவதும் மாறுதிசை மின்னோட்டமே.

சுழலும் காந்தத்தின் புலம் அதன் சுற்றுப்பரப்பு முழுதும் சைன் வடிவில் கூடிக் குறையுமாறு செய்துவிட்டால், அது சுழலும்போது நிலையகக் கம்பியில் அவ்வடிவமே காலத்தில் வெளிப்படும். முதலில் இடத்தில் சைன். பின்னர் காலத்தில் சைன். இதற்கெனத் துருவ முகத்தின் நடுவில் காற்றிடைவெளியைக் குறுக்கி, விளிம்புகளை நோக்கி அதனை அகலச் செய்வர். விரைந்து சுழலும் உருளை வடிவக் காந்தங்களில் சுருளைப் பல காடிகளில் பரப்பிச் சுற்றுவர். இவற்றாலும் முழுச் செம்மை கிட்டுவதில்லை. எஞ்சிய பிழைகளை நிலையகச் சுருளின் அமைப்பு களைகிறது.

ஃபூரியே 1822இல் வெளியிட்ட வெப்பவியல் நூலின் வழி, திரும்பத் திரும்ப வரும் அலை வடிவங்களைப் பல சைன் அலைகளின் கூட்டாகக் காணும் முறை நிலைபெற்றது. தம்புராவின் ஒரு நரம்பில் அடிப்படை ஒலியோடு அதன் மடங்குகளும் கலந்து ஒலிப்பதைப் போன்றது இது. இசையில் அம்மடங்குகள் இனிமை. மின்சாரத்தில் அவை இழப்பு. 50 ஹெர்ட்ஸ் அலையோடு கலக்கும் 250, 350 ஹெர்ட்ஸ் அலைகள் மின்னோடிகளையும் மின்மாற்றிகளையும் வீணே சூடேற்றும். நிலையகச் சுருளின் இரு பக்கங்களையும் ஒரு முழுத் துருவ இடைவெளியில் வைக்காமல், அதில் ஆறில் ஐந்து பங்கு தொலைவில் வைத்தால், அவ்விரு மடங்கலைகளும் ஏறத்தாழக் கால்பங்காகக் குறைகின்றன. அடிப்படை அலையில் குறைவதோ 3.4 விழுக்காடு மட்டுமே. கம்பியை எவ்விடத்தில் வைப்பது என்னும் எளிய தெரிவால் அலையின் வடிவம் செம்மையுறுவது மின்பொறியியலின் நுட்பங்களுள் ஒன்று.

வேகமும் துருவங்களும்

சுருளின் வேகத்தை இருமடங்காக்கினால் என்ன நேரும் என்பது தேர்வுகளில் அடிக்கடி இடம்பெறும் வினா. அதிர்வெண் இருமடங்காகும் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்வர். மேற்கண்ட கணக்கின்படி ஒவ்வொரு கூற்றையும் கடக்கும் நேரம் பாதியாவதால் மின்னழுத்தமும் இருமடங்காகும். 314 வோல்ட் 628 ஆகும். இக்காரணத்தால் மின்நிலையங்களில் அழுத்தத்தைச் சீர்செய்ய வேகத்தை மாற்றுவதில்லை. வேகம் மாறினால் அதிர்வெண்ணும் மாறிவிடும். சுழலும் காந்தத்திற்கு ஊட்டும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்துமே அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவர்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். இரு துருவங்கள் கொண்ட காந்தமாயின் அது நிமிடத்திற்கு 3,000 முறை சுழல வேண்டும். எரிவளியையும் நீராவியையும் கொண்டு இயங்கும் சுழலிகளுக்கு அது இயல்பான வேகம். சிங்கப்பூரின் மின்னாற்றலில் பெரும்பகுதி இவ்வாறு பெறப்படுகிறது. ஆற்றுநீர் அவ்வளவு விரைவில் சுழற்றாது. பேராக் ஆற்றில் 1930ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிய செண்டேரோ போன்ற நீர்மின் நிலையங்களில் துருவங்களின் எண்ணிக்கையைப் பெருக்கியே அதிர்வெண்ணை எட்டுவர். எடுத்துக்காட்டாக, நிமிடத்திற்கு 150 முறை சுழலும் நீர்ச்சுழலிக்கு 40 துருவங்கள் தேவை. காந்தம் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் 20 முழு அலைகள் பிறந்துவிடுகின்றன. ஒரு சுற்றுக்கு ஓர் அலை என்று மனனம் செய்த மாணவர் இங்கு இடறுவர்.

நிலையகத்தில் ஒன்றுக்கொன்று 120 பாகை விலகிய மூன்று சுருள் தொகுதிகள் இருக்கும். அவற்றில் பிறக்கும் மூன்று சைன் அலைகளையும் எக்கணத்தில் கூட்டினாலும் சுழியே கிடைக்கும். இதுவே மும்முனை மின்சாரம். வீட்டுக்கு அவற்றுள் ஒன்று மட்டும் வருகிறது. மலேசியாவில் 2008 முதல் வீட்டு மின்னழுத்தத்தின் பெயரளவு 230 வோல்ட். அதற்கு முன்னர் 240. இந்த 230 என்பது உச்ச அளவன்று. ஒரு விளக்கை அதே அளவு சூடேற்ற வேண்டிய நேர்திசை அழுத்தத்திற்கு இணையான பயனுறு மதிப்பு. சைன் அலைக்கு உச்ச அளவு இதைவிட ஏறத்தாழ 1.414 மடங்கு, அதாவது 325 வோல்ட். மேலே நாம் கணக்கிட்ட சிறு சுருளின் 314 வோல்ட், வீட்டு மின்சாரத்தின் உச்சத்தை நெருங்கியிருப்பதை ஆசிரியர்கள் கவனித்திருக்கலாம்.

சுழற்சியை நிலைநிறுத்தும் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதையும் மாணவர் தொட்டு உணரலாம். கையால் சுழற்றும் மின்னாக்கியில் விளக்கை இணைக்காதபோது கைப்பிடி எளிதில் சுற்றும். விளக்கை இணைத்தவுடன் கை கனக்கும். பிறந்த மின்னோட்டமே தன்னைப் பிறப்பித்த சுழற்சியைத் தடுக்க முற்படுகிறது. லென்சு 1834இல் வகுத்த விதி இது. அந்தத் தடையை மீறிச் செய்யும் வேலையே ஒளியாகிறது.

அண்மைக் காலத்தில் கூரைகளில் பொருத்தப்படும் சூரியத் தகடுகளில் சுழல்வது எதுவுமில்லை. அவை தருவது நேர்திசை மின்சாரம். அதனை வீட்டுக்கும் மின்வலைக்கும் ஏற்றதாக்க, மின்மாற்றுக் கருவியொன்று விநாடிக்குப் பல்லாயிரம் முறை இணைத்தும் துண்டித்தும், துடிப்புகளின் அகலத்தைக் கணந்தோறும் கூட்டிக் குறைத்தும், சுழலும் பொறி தந்திருக்கக்கூடிய அதே 50 ஹெர்ட்ஸ் சைன் அலையைச் செயற்கையாக அமைத்துத் தருகிறது. எக்கணத்தில் எவ்வளவு அகலம் என்பதை அறிய அதன் நினைவகத்தில் பெரும்பாலும் ஒரு சைன் வாய்பாடு பதியப்பட்டிருக்கும்.